சியாமாச்செட்டிக்கு ஒரு சோடிக் கண்

ஜெயனி செபத்தில் வாய் திறக்கமாட்டாள் என்று உரும்பிராயில் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அங்கே அவளுடைய குரலைக் கேட்டுத்தான் பலர் அடுப்பு மூட்டுகிறார்கள்.

விடியற்காலையில் குருநகர்க் கரையில் மீன் எடுத்து, பெட்டியை ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு புறப்படுவாள். உரும்பிராயில் ஒரு ஒழுங்கையின் முகப்பில் நின்று ஒருமுறை கூப்பிட்டால், கடைசி வீட்டுக்காரி சட்டியோடு படலைக்கு வந்துவிடுவாள். ஒருநாள் நானும் அவளோடு போயிருந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஒரு ஐயா, "பிள்ளை, மெல்லக் கூப்பிடு. நீ போடுற சத்தத்துக்கு வெங்காயம் படுத்திடும்" என்றார்.

"வெங்காயம் படுத்தால் எழும்பும் ஐயா. ஒட்டி மீன் பழுதானால் எழும்பாது" என்று அவள் அதே சத்தத்தில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு ஒட்டி வாங்கினார். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் மீன் வாங்க ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் அவளுக்குத் தொண்டை ஓய்வு.

இப்படிப்பட்டவள் அன்பியத்தில் ஊமை. பக்கத்து வீடுகள் சில ஒன்றுகூடி, கிழமைக்கு ஒரு வீடாகச் செபிப்பதைத்தான் எங்கள் பங்கில் அன்பியம் என்கிறோம். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் வாய்விட்டு ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் மகளின் சோதனைக்காகக் கேட்பார். ஒருவர் முழங்கால் வலிக்காகக் கேட்பார். எமில்ராஜ் என்று எங்கள் அன்பியத்தில் ஒரு பகிடிக்காரர் இருக்கிறார். அவர் தன்னுடைய வள்ளத்து எஞ்சினுக்காகவும் கேட்டிருக்கிறார். ஜெயனியின் முறை வந்தால் அவள் தேநீர் ஊற்ற எழும்பிவிடுவாள். வேறு வீட்டில் கூட்டம் என்றால் இருமல் வரும். முறை தாண்டியதும் இருமல் நின்றுவிடும்.

கோயிலைக் கூட்டித் துடைப்பது என்னுடைய வேலை. ஆர் எந்தச் சுரூபத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது கூட்டுகிறவளின் கண்ணில் படாமல் போகாது. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கோயில் உண்டு. ஜெயனி அங்கே ஒவ்வொரு நாளும் வருவாள். மாதாவிடம் நிற்பாள், அந்தோனியாரிடம் நிற்பாள். லூசியம்மாவிடம் மட்டும் நிற்கமாட்டாள். அந்த இடம் வந்ததும், முகம் முறித்துக்கொண்ட சொந்தக்காரியைச் சந்தையில் கண்டதுபோல முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கடந்துவிடுவாள்.

லூசியம்மா கண்ணுக்குரிய அர்ச்சிஷ்டவள். கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண்கள். கண்ணில் வருத்தம் என்றால் எங்கள் சனம் வெள்ளியில் சின்னதாக ஒரு சோடிக் கண் செய்வித்து அவளுடைய காலடியில் நேர்த்தியாக வைப்பார்கள். இவ்வளவு பக்தியுள்ள ஒருத்திக்கு அந்த ஒரு அம்மாவோடு மட்டும் ஏன் கோபம்? பல வருடமாக எனக்கு இது ஒரு புதிராகவே இருந்தது. கேட்கவும் பயம். ஆண்டவருக்கும் அவளுக்கும் இடையில் நான் யார்?

போன வருடம் அவளுடைய கணவன் ஜெறோமின் கண்ணால்தான் அந்தப் புதிர் அவிழ்ந்தது.

ஜெறோம் களப்புக் கடலில் நண்டு வலை போடுகிறவர். சிறு வயதிலேயே தூண்டில் பட்டு இடக்கண் போய்விட்டது. மிச்சம் இருந்த வலக்கண்ணிலும் சீனி வருத்தத்தால் வெள்ளை படியத் தொடங்கியது. முதலில் தூரத்து வள்ளம் தெரியவில்லை. பிறகு பக்கத்து வள்ளம் தெரியவில்லை. ஒருநாள் வலைக்குள் கை விட்டு நண்டு என்று பிடித்தது கெளிறு. முள் ஏறி, கை வீங்கி, ஒரு கிழமை வீட்டில் கிடந்தார். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கே போனார். வெள்ளையை வெட்டி எடுத்தால் பார்வை வரும், இன்னும் தள்ளிப்போட்டால் அது இறுகிவிடும், பிறகு வெட்டினாலும் சந்தேகம்தான் என்று டொக்டர் சொல்லி, நாளும் குறித்துக் கொடுத்தார்.

ஜெறோமின் அக்கா மக்டலீன் அன்றைக்கே கஸ்தூரியார் வீதிக்குப் போய் ஒரு சோடி வெள்ளிக்கண் வாங்கி வந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பிள்ளைக்கு நேர்த்தி என்றால் தாய் வைக்க வேண்டும், புருசனுக்கு என்றால் மனைவி வைக்க வேண்டும். வேறு கை பட்டால் சேராது என்பார்கள். மக்டலீன் கண்களை ஜெயனியிடம் நீட்டினாள்.

"நீங்களே வையுங்கோ மச்சாள்" என்று ஜெயனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் வைச்சுச் சரிவருமோ? அவன் உன்ரை புருசன் எல்லோ?"

"என்னாலை ஏலாது."

"ஒரு சோடிக் கண்ணைக் கொண்டுபோய் வைக்க ஏலாதோ? நாள் முழுக்க மீன் பெட்டி தூக்கிறாய்!"

ஜெயனி உள்ளே போய்விட்டாள். மக்டலீன் அந்தக் கண்களைத் தாளில் சுற்றி, சுவரில் இருந்த திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தாள். அடுத்த நாள் கரை முழுக்க அதுதான் கதை. பேர்கூடத் தெரியாத ஒரு மீன்காரி என்னிடமே கேட்டாள்: "புருசனுக்குக் கண் வைக்கமாட்டன் எண்டு நிண்டவளாம், உண்மையோ?"

ஜெறோம் அதை இன்னும் பாரமாக எடுத்தார். அவருக்கு உள்ளுக்குள் பயம். இருக்கிற ஒரே கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்கள்.

"அவள் வைக்காமல் நான் போய்ப் படுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். "கட்டினவளுக்கே என்ரை கண் வேண்டாம் எண்டால், டொக்டர் என்னத்தை வெட்டிறது?"

அப்படித்தான் நாட்கள் போயின. அவள் வைக்கமாட்டாள். அவள் வைக்காமல் அவர் போகமாட்டார். ஒப்பரேசன் நாள் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

அதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் அன்பியம் ஜெயனி வீட்டில். செபமாலை முடிந்தது. மன்றாட்டில் எல்லோருமே ஜெறோமின் கண்ணுக்காகக் கேட்டோம். முறை ஜெயனிக்கு வர, அவள் வழக்கம்போலக் குசினிக்குள் போனாள். ஜெறோம் அவள் போன பக்கத்தைப் பார்த்தார். பார்த்தார் என்றால், முகத்தைத் திருப்பினார். பிறகு பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பேணியைத் தேடிக் கை நீட்டினார். பேணி உருண்டு எமில்ராஜின் மடியில் கொட்டியது.

எமில்ராஜ் துள்ளி எழும்பினார். அந்த இறுக்கத்தைக் குறைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். "என்ன மச்சான், சியாமாச்செட்டி மாதிரிக் கண் தெரியாமல் ஆரின்ரையோ தலையிலை கொட்டுறாய்?"

ஜெயனியின் மகள் டிலானி பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை. "ஆர் அங்கிள் அது? நகைக்கடைச் செட்டியாரோ?" என்று கேட்டாள்.

வயது வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

"நகைக்கடை வைச்சிருந்தால் நல்லது பிள்ளை. அது பிளேன். நாங்கள் சின்னனாய் இருக்கேக்கை குண்டு போட வாறது. ஊரெல்லாம் அதுக்குச் சியாமாச்செட்டி எண்டுதான் பேர். எனக்கு அது பிளேன் எண்டு தெரியாது. ஒரு ஆள் எண்டுதான் நினைப்பு. பெரிய வயிறு, வெறும் மேல், காதிலை கடுக்கன்" என்றார் எமில்ராஜ்.

"கடுக்கனோ?" என்றாள் மக்டலீன். "சியாமா எண்டால் பொம்பிளைப் பேர் எல்லோ? எனக்கு அவள் ஒரு செட்டிச்சி. மூக்கிலை பெரிய மூக்குத்தி. அது வெய்யிலுக்கு மினுங்கிறதைத்தான் நாங்கள் காணுறம் எண்டு நினைச்சன்."

"நல்லூரிலை செட்டித்தெரு இருக்கெல்லோ" என்றார் ஜெறோம். அவரும் கொஞ்சம் இளகிவிட்டார். "அங்கையிருந்துதான் எழும்பி வாறான் எண்டு எனக்கு நினைப்பு. ஒருக்கா அம்மா அந்தத் தெருவாலை கூட்டிக்கொண்டு போனவ. நான் அம்மாவின்ரை சீலைக்குள்ளை பூந்து கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தனான்."

டிலானி கைபேசியில் தேடினாள். "சியாய் மார்க்கெட்டி. இத்தாலியிலை செய்த பிளேன். அந்த மார்க்கெட்டியைத்தான் நீங்கள் செட்டி ஆக்கிப்போட்டியள்."

"இத்தாலியோ?" மக்டலீன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். "பாப்பரசர் இருக்கிற நாடெல்லோ?"

"பாப்பரசர் பிளேன் செய்யிறேல்லை மக்டலீன்" என்றார் சூசைதாசன். எனக்கு முன்னர் அந்தச் சின்னக் கோயிலைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். இப்போது வயது போய்விட்டது. வீடே சிரிப்பால் நிறைந்தது.

அப்போது குசினி வாசலில் ஜெயனியின் குரல் கேட்டது.

"அவருக்குக் கண் தெரியாது."

தேநீர்த் தட்டோடு நின்றாள். நாங்கள் எல்லோரும் திரும்பினோம்.

"ஆருக்கு? ஜெறோமுக்கோ?" என்றார் எமில்ராஜ்.

"சியாமாச்செட்டிக்கு. நீங்கள் கடுக்கன், மூக்குத்தி எண்டு நினைச்சியள். நான் அந்த மனுசனுக்குக் கண் தெரியாது எண்டு நினைச்சனான்." தட்டைக் கதிரையில் வைத்தாள். "எங்கடை அப்புதான் சொன்னவர்."

பிறகு அவள் சொன்னாள். இடையில் நிறுத்தியும் தொடர்ந்தும் சொன்னதை நான் கோர்த்து எழுதுகிறேன்.

அப்போது அவளுக்கு ஆறு, ஏழு வயது. பிளேன் வரும், சனம் பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள் ஓடும், குண்டு கடலுக்குள் விழும். இன்னொரு நாள் வெறும் வெளியில் விழும். ஒருநாள் களப்புச் சேற்றில் விழுந்து மீன்கள் செத்து மிதந்தன. அவளுடைய தகப்பன், அந்த அப்பு, பங்கரிலிருந்து வெளியே வந்து வானத்தைப் பார்த்து, "கண் தெரியாதவன்! கண்ட இடமெல்லாம் போட்டிட்டுப் போறான்" என்று ஏசினார். அப்பு ஏசினது சின்னப் பிள்ளைக்கு ஏச்சாகப் படவில்லை. ஐயோ பாவம், அந்தச் செட்டியாருக்குக் கண் தெரியாதாம் என்றுதான் பட்டது. கண் தெரியாத மனிதன், அவ்வளவு உயரத்தில், தனியாக. எங்கேயாவது இடிபட்டு விழுந்தால்?

அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி வீட்டுச் செபமாலை. பிள்ளைகளும் ஒவ்வொரு மன்றாட்டுச் சொல்லவேண்டும். "சியாமாச்செட்டிக்குக் கண் தெரியவேணும் ஆண்டவரே" என்று அவள் சொன்னாள். தாய் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அப்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிள்ளை கேட்டதை ஆண்டவர் கேட்கட்டும்" என்றார்.

"அதோடை விட்டிருக்கலாம்" என்றாள் ஜெயனி. "நான் விடேல்லை."

லூசியம்மாவின் சுரூபத்தை அவள் அந்த வயதில் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அம்மாவுக்கு முகத்தில் இரண்டு கண் இருக்கிறது. தட்டிலும் இரண்டு கண் இருக்கிறது. அப்படியென்றால் தட்டில் இருப்பது மிச்சம். மிச்சக் கண் ஆருக்கு? கேட்கிறவர்களுக்குக் கொடுக்கத்தானே வைத்திருக்கிறா? கேட்பதென்றால் வெள்ளிக்கண் வைக்க வேண்டும். வெள்ளிக்கு எங்கே போவது? ரோட்டில் கிடந்த சிகரெட் பெட்டிக்குள் மினுங்கிக்கொண்டு ஈயத்தாள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்னேசக்காவிடம் ஓடினாள்.

அக்னேசக்கா கலியாணம் கட்டாத இளம்பெண். சட்டை தைப்பாள். ஜெயனிக்கு ஒவ்வொரு நாளும் தலை பின்னிவிடுகிறவளும் அவள்தான்.

"நான் கேட்ட உடனை அவ விழுந்து விழுந்து சிரிச்சவ. 'ஆருக்கடி கண்? செட்டியாருக்கோ?' எண்டு. ஆனால் வெட்டித் தந்தவ. தைக்கிற கத்திரிக்கோலாலை வடிவாய் ரெண்டு கண். நான் கொண்டு ஓடப் பார்த்தன். 'நில்லடி பெட்டை, கருமணி இல்லாட்டில் என்னெண்டு பார்க்கிறது?' எண்டு பிடிச்சு நிப்பாட்டி, பேனையாலை ரெண்டு கருமணியும் கீறித் தந்தவ."

ஜெயனி அதைக் கொண்டுபோய் லூசியம்மாவின் காலடியில் வைத்தாள்.

அடுத்த நாளா, அதற்கு அடுத்த நாளா என்று அவளுக்கு நிச்சயமில்லை. மத்தியானம் பிளேன் வந்தது. இந்த முறை குண்டு கடலுக்குள் போகவில்லை, வெளியில் போகவில்லை. அக்னேசக்கா வீட்டுக் குசினியில் நேராக விழுந்தது. அக்னேசக்கா அடுப்படியில் நின்றாள்.

எமில்ராஜ் ஈரச் சாரத்தைப் பிடித்தபடி இருந்தார்.

"எனக்கு அது கூட அவ்வளவாய் விளங்கேல்லை" என்றாள் ஜெயனி. "சனம் எல்லாம் அழுதது. நானும் அழுதன். பின்னேரம் அப்பு வேலியடியிலை நிண்டு ஆரோடையோ கதைக்கிறார். 'இது கண் தெரியாமல் போட்டதில்லை. இண்டைக்குக் கண்டுதான் போட்டவன்' எண்டார். அப்பதான் எனக்கு விளங்கினது."

கண் கிடைத்துவிட்டது.

அவள் கோயிலுக்கு ஓடினாளாம். எப்படியாவது அந்தக் கண்களைத் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று. லூசியம்மாவின் காலடியில் ஒன்றும் இல்லை. சுரூபத்துக்குப் பின்னால் பார்த்தாள், மேசைக்குக் கீழே பார்த்தாள். இல்லை. அம்மா எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டா.

அதற்குப் பிறகு அவள் எவருக்காகவும் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தபோது, கூடப் படித்த ஒரு பெட்டை, சியாமாச்செட்டி என்றால் ஆளில்லை, பிளேனுடைய பேர் என்று சொல்லிச் சிரித்தாளாம்.

"அப்ப பிளேனுக்குள்ளை இருக்கிறது ஆர் எண்டு கேட்டன். அவளுக்குத் தெரியேல்லை. ஒருத்தருக்கும் தெரியேல்லை. செட்டியார் எண்டு இருக்குமட்டும் எனக்கு அவரோடை ஒரு பழக்கம் மாதிரி. அதுக்குப் பிறகு அதுவும் இல்லை. பேர் தெரியாத ஆருக்கோ கண் வாங்கிக் குடுத்திட்டன் எண்டுதான் இருந்தது."

ஜெறோம் அவள் குரல் வந்த திசைக்குக் கையை நீட்டினார். "விசரி, இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் சிரிப்பியள்."

"சிரிக்கமாட்டன்."

"இப்ப எல்லாரும் சிரிச்சியள்தானே, கடுக்கன் எண்டு."

ஜெறோம் நீட்டிய கையை மடியில் வைத்தார். "சரி, அது அந்தக் கண். என்ரை கண்ணுக்கு ஏன் பயப்பிடுறாய்?" என்றார்.

"என்ரை வாயாலை கேட்டுக் கண் வந்தால், அந்தக் கண்ணாலை என்ன வருமோ எண்டு பயம்."

"நான் என்னடி குண்டோ போடப்போறன்? நண்டுதானே பிடிக்கப்போறன்."

"நண்டுகள் செபிச்சுக்கொண்டிருக்கும், இவனுக்குக் கண் தெரியக்கூடாது எண்டு" என்றார் எமில்ராஜ். ஒரு சின்னச் சிரிப்பு வந்து நின்றது. ஜெயனி சிரிக்கவில்லை. அவள் சூசைதாசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்த நாளிலையும் நீங்கள்தானே கோயில் கூட்டினது?"

"ஓம் பிள்ளை."

"நீங்கள் காணேல்லையோ?"

சூசைதாசன் தலையைச் சொறிந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஈயத்தாள் எத்தினையைக் கூட்டி அள்ளியிருப்பன். இளந்தாரியள் கோயில் மதிலடியிலை நிண்டு சிகரெட் பத்திப்போட்டு எறியிறவங்கள். காத்துக்கு உள்ளை பறந்து வரும். அப்பிடித்தான் நினைச்சிருப்பன்."

"அப்ப குப்பைக்குத்தான் போனதோ?"

"குப்பைக்குத்தான் போயிருக்கும் பிள்ளை. ஆனால் கண்டனான் எண்டு சொன்னால் பொய். எனக்கு நினைவில்லை. கண் எண்டு தெரிஞ்சிருந்தால் எடுத்து ஒரு பக்கத்திலை வைச்சிருப்பன்."

நான் ஜெயனியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது ஆறுதலா, இல்லை இன்னொரு துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கண்கள் அம்மாவிடம் போகவில்லை என்றால், அக்னேசக்காவின் சாவுக்கு அவள் காரணமில்லை. ஆனால் ஒரு சின்னப் பிள்ளை முழு மனதோடு கேட்டது விளக்குமாற்றோடு போய்விட்டது. இரண்டில் எது நல்லது என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"இவ்வளவு காலமும் அவவோடை கோவமாய் இருந்திட்டன்" என்றாள் ஜெயனி மெல்ல. "அவவுக்கு ஒண்டும் தெரியாதோ என்னவோ."

பிறகு எழும்பினாள். திருஇருதயப் படத்துக்குப் பின்னால் கை விட்டு, மக்டலீன் செருகி வைத்த தாளை எடுத்துப் பிரித்தாள். வெள்ளிக்கண்கள் உள்ளங்கையில் கிடந்தன. குனிந்து பார்த்தாள்.

"இதுக்குக் கருமணி இல்லை."

"கடையிலை அப்பிடித்தான் செய்யிறவங்கள்" என்றாள் மக்டலீன்.

"கருமணி இல்லாட்டில் என்னெண்டு பார்க்கிறது? டிலானி, பேனை ஒண்டு கொண்டா."

"வெள்ளியைப் பழுதாக்காதை ஜெயனி!"

அவள் கேட்கவில்லை. மேசையில் வைத்து அழுத்திக் கீறினாள். வெள்ளியில் மை பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றிக் கீறினாள். கடைசியில் ஒவ்வொரு கண்ணிலும் நீலமாக, கோணலாக, ஒரு கருமணி வந்தது. ஒன்று மற்றதைவிடப் பெரிது.

"நடவுங்கோ, பொழுது படமுன்னம்" என்றாள்.

தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அன்பியம் முழுவதும் அவளுக்குப் பின்னால் ஒழுங்கையில் நடந்தது. டிலானி தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கோயிலுக்குள் ஜெயனி மாதாவையும் அந்தோனியாரையும் தாண்டி, நேரே லூசியம்மாவிடம் போனாள். கண்களைக் காலடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. திரும்பிச் சூசைதாசனைப் பார்த்தாள்.

"மாமா, இதைக் கூட்டி எறிஞ்சிடாதேங்கோ."

"இப்ப நான் கூட்டிறேல்லை பிள்ளை, உவதான்" என்று அவர் என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பிறகு அவள் கேட்டாள். உரும்பிராய் ஒழுங்கையில் கேட்கிற அதே குரல். அந்தச் சின்னக் கோயிலில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"லூசியம்மா, இது ஜெறோமுக்கு. ஜெறோமுக்கு மட்டும். பார்வையைக் குடுங்கோ. அந்தப் பார்வை ஆரையும் நோகடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ." மூச்சு விட்டாள். "அக்னேசக்காவுக்கு நித்திய இளைப்பாற்றியைக் குடும் ஆண்டவரே. அவதான் எனக்குக் கருமணி கீறிக் காட்டித் தந்தவ." இன்னும் ஏதோ இருந்தது. நாங்கள் காத்து நின்றோம். "அந்தப் பிளேனுக்குள்ளை இருந்த மனுசனுக்கு…"

அவ்வளவுதான். அங்கே நின்றுவிட்டாள்.

"அவனுக்கு என்ன கேட்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்களே பாருங்கோ."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முதலில் சொன்னது ஜெறோம். பிறகு நாங்களும் சொன்னோம்.

குறித்த நாளில் ஜெறோம் போய்ப் படுத்தார். அடுத்த நாள் காலை கட்டு அவிழ்க்கும்போது நானும் ஆஸ்பத்திரி வாட்டில் நின்றேன். தாதி மெல்லப் பஞ்சை எடுத்தா. ஜெயனி கட்டிலின் கால்மாட்டில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வரவில்லை. ஜெறோம் இமையைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். கண்ணீர் வழிந்தது.

"என்ன தெரியுது ஐயா?" என்று தாதி கேட்டா.

"பச்சைச் சீலை" என்றார். "ஓரம் பிஞ்சிருக்கு. தைக்கேல்லை."

ஜெயனியின் கை கம்பியிலிருந்து இறங்கியது. "கண் திறந்த கையோடை குறை பிடிக்கிறியள்! உங்களுக்கெண்டு நான் போய் மன்றாடினனே, என்னைச் செருப்பாலை அடிக்கவேணும்!" என்று அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்ன சத்தத்துக்கு, வாட்டின் மற்றக் கோடியில் படுத்திருந்தவர்கள் எழும்பி உட்கார்ந்தார்கள். "அம்மா, இது மீன் சந்தையில்லை" என்றா தாதி.

இப்போது ஜெறோம் கடலுக்குப் போகிறார். அன்பியத்தில் ஜெயனியின் முறை வந்தால் அவள் சுருக்கமாக ஒன்று கேட்பாள். சில கிழமைகளில் பழையபடி இருமலும் வருவதுண்டு. நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

வெள்ளிக்கண்கள் லூசியம்மாவின் காலடியில்தான் இருக்கின்றன. தூசி தட்டும்போது அவற்றை எடுத்து, துடைக்காமல் ஊதிவிட்டு வைக்கிறேன். துடைத்தால் கருமணி அழிந்துவிடும். மதிலடியில் இப்போதும் இளந்தாரிகள் நின்று சிகரெட் பிடிக்கிறார்கள். காற்றுக்கு ஈயத்தாள் உள்ளே வந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் குனிந்து எடுத்து, விரித்து, இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குப்பைக்குள் போடுகிறேன்.